மசக்கையும் மீன் வாடையும்: கடற்கரை வாசகர்களுக்கு மருத்துவர் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் தொண்டி முதல் சாயல்குடி வரையிலான இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவையே அதிகம். அவற்றில் பெரும்பாலானவை மசக்கையைப் பற்றியவை. படிப்பை முடித்த கையோடு அந்தக் கரையோரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவள் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றில் ஆறுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 23 வயது. முழுகாமல் இருக்கிறேன், இது ஒன்பதாவது வாரம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து மீன் வாடை பட்டாலே ஓங்கரிக்கிறது. மீன் இல்லாமல் சோறு இறங்காத எனக்கு, இப்போது அவருடைய கைலியின் வாடைகூட ஆகவில்லை. "மீன் தின்னாவிட்டால் பிள்ளைக்கு மூளை வளராது" என்று சொல்லி, மாமியார் தட்டில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறார். தின்றதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. பிள்ளைக்குக் குறை வருமா?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பிள்ளையைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். ஒன்பதாவது வாரத்தில் கருவின் நீளம் ஏறத்தாழ இரண்டே கால் சென்டிமீட்டர். எடை ஒரு நெத்திலிக்கும் குறைவு. அந்தச் சிற்றுயிர்க்கு வேண்டியதை, இத்தனை காலம் நீங்கள் உண்டு உடலில் சேர்த்து வைத்திருப்பதிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு மூளை வளர்ச்சிக்கு உதவும் என்பது உண்மை என்பதால் உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் குழந்தையின் மூளை அந்தக் கொழுப்பை மிகுதியாகச் சேர்த்துக்கொள்வது கடைசி மூன்று மாதங்களில்தான். அதற்குள் உங்கள் நாக்கு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். இப்போது தவறவே கூடாதது நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை. காலையில் அது வெளியே வந்துவிடுகிறது என்றால் இரவில் போட்டுக்கொள்ளலாம்.

கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 70 முதல் 80 பேர் வரை இந்தக் குமட்டலைப் பார்த்துவிட்டே வருகிறார்கள். ஐந்து, ஆறாவது வாரத்தில் தொடங்கி, எட்டிலிருந்து பத்தாவது வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பதினான்காவது வாரத்தை ஒட்டிப் பலருக்கும் வடிந்துவிடும். சிலருக்கு 20 வாரம் வரை இழுக்கும். அதாவது நீங்கள் இப்போது மேட்டின் உச்சியில் நிற்கிறீர்கள்.

வாடையை எதிர்த்து உட்கார்ந்திருப்பதால் அது பழகிவிடாது. ஒரு வாடையோடு வாந்தி ஓரிரு முறை சேர்ந்துவிட்டால், அதன்பின் அந்த வாடை மட்டுமே வாந்தியை வரவழைத்துவிடும் என்பதால், எதிரில் உட்கார்ந்து மீன் ஊட்டுவது மசக்கை தீர்ந்த பிறகும் உங்களுக்கு மீனைப் பகையாக்கிவிடக்கூடும். சூடான பண்டத்திலிருந்தே வாடை மிகுதியாக எழும். ஆகவே ஆறிய சோறு, தயிர்ச் சோறு, இட்லி, அவல் போன்றவை தங்கும். மீன் கழுவுவதும் குழம்பு கொதிப்பதும் கொல்லைப் பக்கம் நடக்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் முன்வாசலில் காற்று வரும் இடத்தில் இருங்கள். இது கச்சான் காற்று வீசும் காலம். கருவாடு காயும் இடம் உங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்தால் அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்தி வையுங்கள். உங்கள் கணவர் கரையிறங்கி வந்ததும் வெளியிலேயே குளித்து, கைலியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வீட்டுக்குள் வரலாம். இதை நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். நிறைந்த வயிறும் கூட்டும். நான் பணியாற்றிய ஊரில் ஒரு மீனவப் பெண் தலைமாட்டில் சிறிய பனையோலைக் கொட்டான் ஒன்றை வைத்திருந்தார். அதில் அரிசிப் பொரியும் பொட்டுக்கடலையும் இருக்கும். விடியலில் கண் விழித்ததும் எழுந்து நடமாடாமல், பாயிலேயே சுவரில் சாய்ந்தபடி ஒரு கைப்பிடியை மென்று தின்று, கால் மணி நேரம் கழித்தே எழுந்திருப்பார். எவரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகவே கண்டுபிடித்த வழி அது. மருத்துவப் பாடநூல்களும் அதையேதான் சொல்கின்றன. அதன்பின் நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு வாய் அளவுக்கு, எது இறங்குகிறதோ அதை உண்ணுங்கள். ஒரு வாரம் முழுவதும் மோர்ச் சோறும் ஊறுகாயுமே இறங்குகிறது என்றால் அந்த ஒரு வாரம் அதுவே போதும்.

உண்மையில் நான் கவலைப்படுவது உங்கள் உணவைப் பற்றியன்று, தண்ணீரைப் பற்றி. உங்கள் பகுதியில் கிணற்றுத் தண்ணீரின் சவர்ப்பே பலருக்கும் வாயில் வைக்க முடியாததாக இருக்கும். கேன் தண்ணீரின் வாசமும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. காய்ச்சி மண்பானையில் ஊற்றிக் குளிரவைத்த தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சிறிது பிழிந்து, சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைநேரங்களில் வாய் வாயாக உறிஞ்சுங்கள். இளநீர், நீர்மோர், நீராகாரம், உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாமே தண்ணீர்க் கணக்குதான். இப்போது நுங்கு கிடைக்கும் காலம். தண்ணீர் குடித்தாலே வாந்தி வருகிறது என்பவர்களுக்கு இரண்டு இளம் நுங்கு பல நேரங்களில் தங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

மசக்கை தணிந்து மீனில் நாட்டம் திரும்பும்போது சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களில் தொடங்குங்கள். சுறா, மயில் மீன் போன்ற பெரிய இரைகொல்லி மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்ப காலம் முழுவதும் அவற்றை ஒதுக்கிவிடுவது நல்லது. சுறாப்புட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் என்மீது கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: என் மகளுக்கு மூன்றாம் மாதம். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தால் குமட்டல் தணிகிறது. ஆனால் பக்கத்து வீட்டு மதினி, "சுக்கு சூடு, கரு தங்காது" என்று பயமுறுத்துகிறார். கொடுக்கலாமா? மாங்காயும் புளியும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அதையும் கொடுக்கலாமா?
— ஒரு தாய், சாயல்குடி

பதில்: கொடுக்கலாம். மசக்கைக்கு இஞ்சி பயன்படுகிறதா என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். வாந்தியை அது முற்றிலும் நிறுத்தாவிட்டாலும் குமட்டலைக் குறைக்கிறது என்றும், உணவில் சேர்க்கும் அளவில் கருச்சிதைவு கூடவில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். அளவுதான் முக்கியம். நாளொன்றுக்குச் சுக்குத் தூள் 1 கிராம், அதாவது தேக்கரண்டியில் பாதி, போதும். அதையும் மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கருப்பட்டி விளையும் ஊர்க்காரரிடம் அதைக் குறைக்கச் சொல்வது எளிதன்று. ஆனாலும் சொல்லியாக வேண்டும். கருப்பட்டி நல்ல பண்டம் என்றாலும் அதுவும் சர்க்கரையே. கர்ப்பப் பதிவின்போது செய்யும் சர்க்கரைப் பரிசோதனையில் அளவு மிகுந்திருந்தால், கருப்பட்டியை விட்டுவிட்டுச் சுக்கை மட்டும் காய்ச்சிக் கொடுங்கள். குடிக்க முடியாதபடி காரமாக இருந்தால் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம்.

புளிப்பு கேட்பது மசக்கையில் இயல்பு. வாயில் ஊறும் வழவழப்பையும் உலோகச் சுவையையும் புளிப்பு வெட்டிவிடுகிறது. மாங்காய்க் கீற்றோ நெல்லிக்காயோ ஒன்றிரண்டு தாராளமாகக் கொடுக்கலாம். இரவு படுக்கும் முன் கொடுத்தால் நெஞ்செரிச்சல் வரும். மாங்காயின்மேல் தூவும் மிளகாய்த் தூளைத்தான் குறைக்கச் சொல்வேன். உங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது என்றாலும், மசக்கை வயிறு அதைத் தாங்காது.

கேள்வி: என் மனைவிக்கு இரண்டரை மாதம். வாந்திக்காக மகப்பேறு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "வாந்தி மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கை கால் இல்லாமல் பிறக்கும்" என்று என் அம்மா அதை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், மண்டபம்

பதில்: உங்கள் அம்மாவின் அச்சம் வெறும் கற்பனையிலிருந்து பிறந்ததன்று. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மாத்திரை, பல நாடுகளில் மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. அதனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறுகிப் பிறந்த பின்பே, 1961-இன் இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கதை வாய்வழியாக உலகம் முழுவதும் பரவி, உங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது.

உங்கள் மனைவிக்கு எழுதியிருப்பது அதுவன்று. நீங்கள் அனுப்பியிருக்கும் சீட்டின் படத்தில் இருப்பது டாக்ஸிலமின், பைரிடாக்சின் இரண்டும் தலைக்குப் பத்து மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை. பைரிடாக்சின் என்பது வைட்டமின் பி6. இந்தக் கூட்டு மருந்து 1956-லிருந்தே அமெரிக்காவில் இருந்தது. வழக்குகள் குவிந்ததால் 1983-இல் அதன் தயாரிப்பாளரே விற்பனையை நிறுத்திவிட்டார். ஆனால் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அம்மருந்தால் குழந்தைக்குக் குறை வருவதாகத் தெரியவில்லை. 2013-இல் அந்நாட்டு அரசின் ஒப்புதலோடு அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. கர்ப்ப காலத்தில் இந்த அளவுக்கு அலசிப் பார்க்கப்பட்ட மாத்திரைகள் மிகச் சிலவே.

தூக்கம் வரும் என்பதால் இதை இரவில் போடச் சொல்வார்கள். போட்ட மறுநாள் காலையில் அதன் பலன் தெரியும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. மருந்துக் கடையில் "வாந்திக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வரும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே எந்த மாத்திரையைக் கிழித்துக் கொடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அம்மாவையும் அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் கேட்க நினைப்பதை அவரே கேட்கட்டும்.

கேள்வி: என் நாத்தனார் இரண்டு பிள்ளை பெற்றவர், ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லையாம். நான் நாளுக்கு நான்கு முறை எடுக்கிறேன். "எல்லாம் மனசுதான், வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறாய்" என்கிறார்கள். உண்மையில் இது மனதால் வருவதா?
— வாசகி, பாம்பன்

பதில்: இல்லை. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன், தாயின் மூளைத் தண்டில் உள்ள ஒரு பகுதியைத் தூண்டிக் குமட்டலை உண்டாக்குகிறது என்பதை 2023 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டீபன் ஓராஹிலியுடன் அதில் பங்கேற்ற அமெரிக்க மரபியலாளர் மார்லினா ஃபேஸோ, கடும் மசக்கையால் 1999-இல் தம் குழந்தையை இழந்தவர்; அவரிடமும் அன்றைக்கு மருத்துவர் ஒருவர் இதே போலத்தான் பேசினாராம். கருவுறுவதற்கு முன் உடலில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்ணுக்கு, அது திடீரென ஏறும்போது குமட்டல் கடுமையாகிறது. முன்பே மிகுதியாக இருந்து பழகிய உடலுக்கு அவ்வளவு தெரிவதில்லை. உங்கள் நாத்தனாருக்கு வாந்தி வராததில் அவருடைய திறமை ஏதுமில்லை. உங்களுக்கு வருவதில் உங்கள் சோம்பலும் இல்லை.

கேள்வி: என் மகளுக்குத் தலைச்சன் கர்ப்பம், பத்து வாரம். மருமகன் துபாயில் இருக்கிறார். 50 கிலோ இருந்தவள் இப்போது 46 கிலோ. கஞ்சி, இளநீர், ஆணம் தொட்ட சோறு எதுவும் தங்கவில்லை. இரண்டு நாளாகத் தண்ணீரும் தங்கவில்லை. "தலைச்சன் இப்படித்தான் படுத்தும், கண்ணேறாக இருக்கும், ஓதிப் பாருங்கள்" என்று அக்கம்பக்கத்து லாத்தாமார்கள் சொல்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?
— ஒரு உம்மா, கீழக்கரை

பதில்: இக்கடிதத்துக்கு மட்டும், இதழ் அச்சாகும் வரை காத்திராமல், உடனே மருத்துவமனைக்குப் போகும்படி அன்றே பதில் அனுப்பிவிட்டோம். மற்ற வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விளக்குகிறேன்.

கருவுறும் முன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைவது கடும் மசக்கையின் அடையாளம். 50 கிலோ இருந்தவருக்கு இரண்டரை கிலோ என்பதே எல்லை. உங்கள் மகள் நான்கு கிலோ குறைந்திருக்கிறார். வீட்டில் தராசு இல்லாதவர்கள் சிறுநீரைப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும், போவது பால் ஊற்றாத தேநீர்ச் சாயம் போலக் கறுத்திருந்தாலும், நிற்கும்போது கண் இருட்டினாலும், வாந்தியில் இரத்தம் தெரிந்தாலும், காய்ச்சலோ வயிற்று வலியோ சேர்ந்துகொண்டாலும், ஒரு நாள் முழுவதும் எதுவுமே தங்காவிட்டாலும் பொறுத்துப் பார்க்கக் கூடாது. இரவு நேரமானால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது.

மருத்துவமனையில் சிறுநீரில் கீட்டோன் (உணவில்லாமல் உடல் தன் கொழுப்பையே எரிக்கும்போது உண்டாகும் கழிவு) இருக்கிறதா என்றும், இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவுகளையும் பார்ப்பார்கள். ஸ்கேன் அவசியம், இரட்டைக் கரு என்றாலும், முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர்க் குமிழ்களாகப் பெருகும் நிலை) என்றாலும் வாந்தி இப்படிக் கடுமையாகும். சிறுநீர்த் தொற்றும் தைராய்டும்கூடக் காரணமாகலாம். நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. வாரக்கணக்கில் சாப்பிடாதவருடைய உடலில் தையமின் என்ற வைட்டமின் பி1 வற்றியிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினால் அது மூளையைப் பாதிக்கக்கூடும். "குளுக்கோஸுக்கு முன் பி1 ஊசி போட்டாயிற்றா?" என்று மரியாதையாகக் கேளுங்கள்; நல்ல மருத்துவர் எவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பல பெண்கள் ஓரிரு நாள் நரம்பு வழியாக உப்புநீர் (சலைன்) ஏறியதும் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பார்கள். சிலருக்கு மறுபடியும் வர நேரிடும். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் போகும்போதும் ஓதலாம்.

கேள்வி: நான்காம் மாதமாக இருக்கும் என் தம்பி மனைவி, யாருக்கும் தெரியாமல் அடுப்புச் சாம்பலும் பச்சரிசியும் தின்கிறாள். கண்டித்தாலும் விடவில்லை.
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: கண்டிப்பதால் ஒளிந்து தின்பாரே தவிர விடமாட்டார். சாம்பல், மண், பச்சரிசி, விபூதி ஆகியவற்றின் மேல் வரும் இந்த ஆசை பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்தே வரும். உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கும். சோகை இருந்தால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். குமட்டல் இன்னும் மிச்சமிருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள்; தேநீரோடு கொடுத்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பலர் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது உடலில் சேராத இரும்பின் நிறம் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.